ஆறு லீவர் பூட்டும் எட்டெழுத்துக் கடவுச்சொல்லும்

திண்டுக்கல் பேகம்பூரில் ஒருவர் வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்துடன் வெளியூர் புறப்படுகிறார் என வைத்துக்கொள்வோம். கதவைச் சாத்துகிறார். மாங்காய்ப் பூட்டை மாட்டிச் சாவியைத் திருகுகிறார். பிறகு, நம் எல்லோரையும் போலவே, பூட்டைப் பிடித்து இரண்டு முறை பலமாக இழுத்துப் பார்க்கிறார். பூட்டு அசையவில்லை. மன நிறைவோடு பேருந்து நிலையத்துக்கு நடக்கிறார்.

இழுத்துப் பார்த்ததால் அவர் அறிந்துகொண்டது என்ன? பூட்டு நன்றாக மாட்டியிருக்கிறது, இரும்பு வலுவாக இருக்கிறது என்பது மட்டுமே. கைதேர்ந்த திருடன் பூட்டோடு மல்லுக்கட்டுவதில்லை. அவன் பூட்டிடம் கேள்வி கேட்கிறான். "இது சரியா? இல்லையா? இது?" என்று மெல்லக் கம்பியால் தடவிக் கேட்கிறான். பூட்டு வாய் திறந்து பதில் சொல்லிவிட்டால், அது எத்தனை கிலோ எடையுள்ளதாயினும் பயனில்லை.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர்ப் பூட்டைப் பற்றி ஓர் அறிவியல் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டுக் கணிப்பொறிக்குத் தாவப் போகிறேன் என்றால் வியப்பாக இருக்கலாம். ஆனால் 1970களில் அமெரிக்காவில் பல ஆராய்ச்சிக்கூடங்கள் நம்பியிருந்த ஒரு கணிப்பொறி, பழைய லீவர் பூட்டு ஏமாந்த அதே வழியில் ஏமாந்தது. ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதும் தானாகவே விளங்கிவிடும். ஆகவே பூட்டிலிருந்தே தொடங்குவோம்.

பூட்டுக்குள் என்ன இருக்கிறது?

கடைக்குப் போய்ப் பூட்டுக் கேட்டால் "எத்தனை லீவர் வேண்டும்?" என்று கேட்பார்கள். லீவர் என்பது பூட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் மெல்லிய தகடு. ஒவ்வொரு தகட்டையும் ஒரு சிறு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். தகட்டில் ஒரு வெட்டு இருக்கும். பூட்டின் தாழிலிருந்து ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாத் தகடுகளின் வெட்டுகளும் ஒரே கோட்டில் வந்து நின்றால்தான் அந்த முளை அவற்றின் வழியே நுழையும், தாழ் நகரும், பூட்டுத் திறக்கும். சாவியின் பற்கள் வெவ்வேறு உயரத்தில் இருப்பது இதற்காகவே. ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டைத் தேவையான உயரத்துக்கு உயர்த்துகிறது. கொஞ்சம் குறைந்தாலும் திறக்காது. கொஞ்சம் கூடினாலும் திறக்காது. கூடினாலும் திறக்காதபடி தகட்டை அமைக்கும் இந்த முறைக்கு ராபர்ட் பாரன் என்ற ஆங்கிலேயர் 1778இல் காப்புரிமை பெற்றார்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். பூட்டில் 6 லீவர்கள். ஒவ்வொன்றுக்கும் 8 உயரங்களில் ஏதேனும் ஒன்று சரியான உயரம் எனக் கொள்வோம். மொத்தம் எத்தனை விதமான சாவிகள் இருக்க முடியும்? எட்டை ஆறு முறை எழுதிப் பெருக்குங்கள்: 2,62,144. ஒரு சாவியைச் சோதிக்கப் பத்து வினாடி என்றால், எல்லாவற்றையும் சோதிக்க இரவு பகலாக ஒரு மாதம் ஆகும். அதுவரை பேகம்பூர்த் தெருவில் எவரும் பார்க்காமல் நிற்க முடியுமா? பூட்டு பாதுகாப்பானது என்றே தோன்றுகிறது.

இந்தக் கணக்கில் நாம் அறியாமலே ஒன்றை எடுத்துக்கொண்டுவிட்டோம். ஆறு லீவர்களும் சரியாக அமையும்வரை பூட்டு எதையும் வெளிக்காட்டாது என்று எண்ணிக்கொண்டோம். உண்மைப் பூட்டு அப்படி இருப்பதில்லை. திறப்பவன் முதலில் தாழை ஒரு கம்பியால் மெல்ல அழுத்திக்கொள்கிறான். முளை தகடுகளின்மேல் போய் முட்டுகிறது. மனிதன் செய்த எதிலும் மயிரிழை வேறுபாடு இருக்கும். ஆகவே ஆறு தகடுகளிலும் சமமாக அது முட்டுவதில்லை. ஏதோ ஒன்றில் மட்டும் முதலில் இறுகிக்கொள்கிறது. எது இறுகியிருக்கிறது என்று இன்னொரு கம்பியால் தொட்டுப் பார்த்து, அதை மட்டும் மெதுவாக உயர்த்தினால், சரியான உயரத்தில் அது சட்டென்று தளர்ந்துவிடும். ஒரு லீவர் முடிந்தது. உடனே அடுத்தது இறுகும். அதையும் உயர்த்தலாம்.

இப்போது கணக்கு என்ன ஆயிற்று? ஒரு லீவருக்கு அதிகமாகப் போனால் 8 சோதனை. ஆறுக்கும் 48. பெருக்கல் கூட்டலாகிவிட்டது! ஒரு மாத வேலை எட்டு நிமிட வேலையாகச் சுருங்கிவிட்டது. இரும்பு இளகவில்லை, லீவர் எண்ணிக்கையும் குறையவில்லை. பூட்டு பாதி வழியில் பேசிவிட்டது, அவ்வளவுதான்.

இதை நண்பரோடு விளையாடிப் பார்க்கலாம். நண்பர் மூன்று இலக்க எண் ஒன்றை நினைத்துக்கொள்ளட்டும். முழு எண்ணும் சரியானால் மட்டும் "ஆம்" என்று சொல்ல வேண்டும் என்றால், நீங்கள் ஆயிரம் எண்கள்வரை கேட்க நேரிடும். முதல் இலக்கம் சரியானவுடனே அவர் புன்னகை செய்துவிடுகிறவர் என்றால் முப்பது கேள்விக்குள் முடிந்துவிடும். மலிவான எண் பூட்டுகள் இப்படிப் புன்னகை செய்கிறவைதான்.

இந்த வித்தையை உலகறியச் செய்தவர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளர். 1851இல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சிக்கு அவர் வந்திருந்தார். அந்நாளில் இங்கிலாந்தில் சப் என்பவரின் பூட்டு புகழ்பெற்றது. ஆறு லீவர் கொண்டது. எவராவது கள்ளத்தனமாகத் திறக்க முயன்று ஒரு லீவரை அளவுக்கு மீறி உயர்த்திவிட்டால் உள்ளே ஒரு கொக்கி மாட்டிக்கொண்டு, "உன் பூட்டில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்" என்று உரிமையாளருக்குக் காட்டிக்கொடுக்கும். ஹாப்ஸ் அதைச் சாட்சிகள் முன்னிலையில் 25 நிமிடத்தில் திறந்துவிட்டார். அதே ஆண்டில், திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று பல பத்தாண்டுகளாகக் கடைச் சாளரத்தில் வைக்கப்பட்டிருந்த பிராமா பூட்டையும் திறந்தார். அதற்கு 16 நாள்களில் ஏறத்தாழ 51 மணி நேரம் ஆயிற்று. இந்த 25 நிமிடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கணிப்பொறிக்குப் பூட்டு ஏன் வந்தது?

முதற்காலக் கணிப்பொறிகளுக்குக் கடவுச்சொல் என்று ஒன்று இல்லை. தேவையும் இல்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு 1973இல் மேற்கு ஜெர்மனியின் உதவியால் ஐ.பி.எம். 370/155 கணிப்பொறி வந்தது. அக்காலத்தில் அத்தகைய பொறிகளைப் பயன்படுத்தியவர்கள் தங்கள் நிரலை, அதாவது கணிப்பொறிக்குத் தரும் ஆணைத்தொடரை, துளையிட்ட அட்டைக் கட்டாகக் கொண்டுபோய் ஒரு சாளரத்தில் கொடுப்பார்கள். பின்னர் வந்து அச்சிட்ட தாளை வாங்கிக்கொள்வார்கள். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தால் அன்றைய பொழுது வீண். இங்கே கணிப்பொறிக்குப் பூட்டு அறைக் கதவின் பூட்டுத்தான். உள்ளே போகிறவர்கள் இயக்குபவர்கள் மட்டுமே.

இந்தக் காத்திருப்பைப் பொறுக்காதவர்கள் கண்டுபிடித்ததே நேரப்பகிர்வு முறை. கணிப்பொறி மனிதனைவிடப் பன்மடங்கு வேகமானது. ஒருவர் விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டி அடுத்ததைத் தட்டுவதற்குள் அது ஆயிரக்கணக்கான கணக்குகளைப் போட்டு முடித்துவிடும். ஆகவே பல முனையங்களைப் பொறியோடு இணைத்து, ஒவ்வொருவருக்கும் நொடியில் ஒரு சிறு பகுதியைப் பங்கிட்டுக் கொடுத்தால், ஒவ்வொருவரும் பொறி தமக்கே உரியது என்று எண்ணிக்கொள்வார்கள். ஒரே சமையற்காரர் பத்து இலைக்கும் மாறிமாறிப் பரிமாறுவது போல என்று கொள்ளலாம். அமெரிக்காவில் மாசசூசட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில், சுருக்கமாக எம்.ஐ.டி.யில், ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்பவரின் குழு 1961 நவம்பரில் இதைச் செய்து காட்டியது. அதன் பெயர் சி.டி.எஸ்.எஸ். இந்தியாவிலும் 1970களில் பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் டெக்-10 என்ற நேரப்பகிர்வுக் கணிப்பொறி இயங்கியது.

பத்துப் பேர் ஒரே பொறியைப் பகிர்ந்துகொண்டால், ஒருவருடைய கோப்பை மற்றவர் பார்க்காதிருக்க ஏற்பாடு வேண்டுமல்லவா? ஒரே வீட்டில் பல குடித்தனம் வந்ததும் அறைக்கு அறை பூட்டுத் தேவைப்பட்டது. அப்படி வந்ததுதான் கடவுச்சொல். கணிப்பொறியில் அதை முதலில் புகுத்தியவர்களுள் கார்பட்டோ ஒருவர். 2019இல் மறைவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இந்தக் கடவுச்சொற்களின் தொல்லை தாங்க முடியாததாகிவிட்டது என்று அவரே வருந்தினார்.

பூட்டு வந்தவுடனே அதைத் திறந்து பார்க்க ஆளும் வந்தார். ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்குச் சி.டி.எஸ்.எஸ். பொறியில் வாரத்துக்குச் சில மணி நேரமே ஒதுக்கியிருந்தார்கள். அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. 1962இல் ஒரு வழி கண்டார். குறிப்பிட்ட ஒரு கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளை அட்டை மூலம் கேட்கலாம் என்ற வசதி இருந்தது. கேட்பவர் அந்தக் கோப்புக்கு உரியவர்தானா என்று சரிபார்ப்பாரில்லை. அவர் எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பின் பெயரை அட்டையில் துளையிட்டு வெள்ளிக்கிழமை இரவு போட்டார்; சனிக்கிழமை காலை அச்சிட்ட பட்டியல் தயாராக இருந்தது. பல ஆண்டுகள் கழித்து அவரே இதை ஒப்புக்கொண்டார். முன்வாசலில் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை இது.

1960களின் நடுவில் அதே பொறியில் இன்னொன்று நடந்தது. இதில் திருடனே இல்லை. பொறியைப் பயன்படுத்தத் தொடங்குவோருக்கு அன்றைய அறிவிப்பு ஒன்று முனையத்தில் அச்சாகும். ஒரு நாள் பிற்பகலில் அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொல் பட்டியலும் அச்சாகத் தொடங்கியது! காரணம் என்ன? கோப்புகளைத் திருத்தும் நிரல், தான் வேலை செய்யும்போது தற்காலிகக் கோப்பு ஒன்றை எப்போதும் ஒரே பெயரில் வைத்துக்கொள்ளும். ஒருவர் இடத்தில் ஒருவர்தான் வேலை செய்வார் என்று எண்ணி அப்படி அமைத்திருந்தார்கள். அன்று நிர்வாகிகள் இருவர் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஒருவர் அறிவிப்பையும் மற்றவர் கடவுச்சொற்களையும் திருத்தினார்கள். இரண்டு தற்காலிகக் கோப்புகளும் மாறிப்போயின. ஒருவர் மட்டுமே இருந்த காலத்தில் குற்றமற்றதாயிருந்த ஒரு பழக்கம், இருவர் வந்ததும் ஆபத்தாகிவிட்டது.

பூட்டையே வெறுத்தவர்கள்

அதே எம்.ஐ.டி. வளாகத்தில் வேறொரு கூட்டம் இருந்தது. மாணவர்களின் பொம்மை ரயில் மன்றம் ஒன்றில், தண்டவாளங்களுக்கு அடியில் தொலைபேசி ரிலேக்களையும் கம்பிகளையும் இணைத்து விளையாடியவர்கள் அவர்கள். சாமர்த்தியமான ஒரு வேலையை அவர்கள் 'ஹேக்' என்பார்கள். அப்படிச் செய்பவர் 'ஹேக்கர்'. இன்று அச்சொல்லைக் கேட்டதும் வங்கிக் கணக்கைச் சூறையாடுபவனே நம் நினைவுக்கு வருகிறான். அன்று அது பாராட்டுச் சொல்.

இவர்கள் இரவெல்லாம் கணிப்பொறியோடு கிடந்தார்கள். பி.டி.பி.-1 என்ற பொறியில் 1962இல் 'ஸ்பேஸ்வார்' என்ற விண்வெளிப் போர் விளையாட்டை உருவாக்கினார்கள். நள்ளிரவில் ஒரு கருவி பழுதாகிவிடும். உதிரிப்பாகம் பூட்டிய அறைக்குள் இருக்கும். சாவி வைத்திருப்பவர் வீட்டில் தூங்குவார். ஆகவே அவர்கள் பூட்டுத் திறக்கவும் பழகிக்கொண்டார்கள். ஸ்டீவன் லெவி என்பவர் 1984இல் எழுதிய 'ஹேக்கர்ஸ்' என்ற நூலில் இந்தப் பூட்டுத் திறக்கும் பழக்கத்தையும் விவரித்திருக்கிறார். பொம்மை ரயில், பூட்டு, கணிப்பொறி மூன்றும் அவர்களுக்கு ஒன்றே. உள்ளே என்ன இருக்கிறது, அது எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டும். தடுப்பவர் மேல் கோபம் வரும்.

1960களின் பிற்பகுதியில் இவர்கள் தங்களுக்கென்று ஒரு நேரப்பகிர்வு முறையை அமைத்தார்கள். ஐ.டி.எஸ். என்பது அதன் பெயர். தொடக்கத்தில் அதில் கடவுச்சொல்லே கிடையாது. எவரும் எவர் கோப்பையும் பார்க்கலாம், திருத்தலாம். வேடிக்கை என்னவென்றால், பொறியை நிறுத்திவிடுவதற்கென்றே ஒரு கட்டளையை வெளிப்படையாக வைத்திருந்தார்கள். மற்ற இடங்களில் பொறியைக் கவிழ்ப்பது ஒரு வீரச் செயலாக இளைஞர்களுக்குத் தோன்றியது. இங்கே ஒரு கட்டளையைத் தட்டினால் நின்றுவிடும் என்பதால் அதில் வீரம் எதுவும் இல்லாமற்போயிற்று. பெரும்பாலும் எவரும் செய்யவில்லை.

எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். ஆனால் அது ஒருவரையொருவர் முகமறிந்த சிறு கூட்டத்துக்குத்தான் பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும். கதவைச் சாத்தாமல் கிடக்கும் கிராமத்து வீட்டைப் போல அது. சந்தைப்பேட்டைக்கு நடுவில் அப்படிக் கிடக்க முடியாது.

கேள்விக்குப் பதில் சொன்ன கணிப்பொறி

இப்போது நம் கதையின் நடுப்பகுதிக்கு வருவோம். அமெரிக்காவில் போல்ட், பெரானெக் அண்டு நியூமன் என்ற நிறுவனம், பி.டி.பி.-10 கணிப்பொறிக்காக 'டெனெக்ஸ்' என்ற நேரப்பகிர்வு முறையை உருவாக்கியது. இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட் வலையில் பல ஆராய்ச்சிக்கூடங்கள் 1970களில் அதைப் பயன்படுத்தின. அமைத்தவர்கள் கவனமானவர்கள். கடவுச்சொல் தவறினால் பொறி உடனே பதில் சொல்லாது. மூன்று வினாடி பொறுத்துத்தான் "தவறு" என்று சொல்லும். சொல் மேல் சொல்லாகத் தட்டிப் பார்ப்பவனைச் சலிப்படையச் செய்வதற்கே இந்தத் தாமதம்.

அவர்கள் கணக்கைப் பார்ப்போம். அந்தப் பொறியில் ஓர் எழுத்துக்கு 128 விதக் குறிகள் இருக்கலாம். எட்டெழுத்துச் சொல் என்றால் 128ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 720 கோடி கோடி. சராசரியாக அதில் பாதியைச் சோதித்தால் விடை அகப்படும். சோதனைக்கு மூன்று வினாடி என்றால் ஏறத்தாழ 340 கோடி ஆண்டுகள் ஆகும். பூமியின் வயதே சுமார் 454 கோடி ஆண்டுகள்தான். இதைவிட வலுவான பூட்டு வேண்டுமா?

ஆனால் டெனெக்ஸில் வேறோர் ஏற்பாடும் இருந்தது. அதைச் சற்று விளக்க வேண்டும். கணிப்பொறியின் நினைவகத்தைப் புத்தகம் போலப் பக்கம் பக்கமாகப் பிரித்திருந்தார்கள். ஒரு நிரலுக்கு வேண்டிய பக்கங்கள் மட்டுமே ஒதுக்கப்படும். ஒதுக்காத பக்கத்தைத் தொட நேர்ந்தால், "அந்தப் பக்கம் இல்லை" என்ற செய்தி பயனாளரின் நிரலுக்கு வந்துசேரும். இது மிகவும் பயனுள்ள வசதி, எவருக்கும் தீங்கில்லாதது.

கடவுச்சொல்லை ஒப்பிடும் முறையும் தனியே பார்த்தால் குற்றமற்றதே. பயனாளர் தம் சொல்லை நினைவகத்தில் ஓர் இடத்தில் எழுதி வைத்து, "இதோ, இங்கே இருக்கிறது" என்று இடத்தைக் காட்டுவார். பொறி அங்கே போய் முதல் எழுத்தைப் பார்க்கும். தவறென்றால் மூன்று வினாடி காத்து "தவறு" என்று சொல்லும். சரியென்றால் இரண்டாம் எழுத்தைப் பார்க்கும். பிறகு மூன்றாவது. நாமும் இரண்டு சொற்களை அப்படித்தானே ஒப்பிடுவோம்?

குற்றமில்லாத இந்த இரண்டும் சேர்ந்தபோதுதான் விபரீதம் விளைந்தது. திறக்க வந்தவன் என்ன செய்தான் தெரியுமா? தன் சொல்லின் முதல் எழுத்தை ஒரு பக்கத்தின் கடைசி இடத்தில் எழுதினான். இரண்டாம் எழுத்து அடுத்த பக்கத்தில் விழ வேண்டும். அந்தப் பக்கம் ஒதுக்கப்படாதபடி பார்த்துக்கொண்டான். பிறகு பொறியிடம் சொல்லைக் காட்டினான். முதல் எழுத்துத் தவறாயிருந்தால், "கடவுச்சொல் தவறு" என்று பதில் வரும். முதல் எழுத்துச் சரியாயிருந்தால், பொறி இரண்டாம் எழுத்தைப் படிக்க அடுத்த பக்கத்துக்குப் போகும். அங்கே பக்கமே இல்லை! "பக்கம் இல்லை" என்று செய்தி வரும். ஆக, முதல் எழுத்துச் சரி என்பது வெளியாகிவிட்டது. பூட்டு புன்னகை செய்துவிட்டது.

இனி என்ன? கண்டுபிடித்த எழுத்தை ஓர் இடம் முன்னால் தள்ளி, பக்கத்தின் கடைசி இடத்தில் இரண்டாம் எழுத்தைச் சோதிக்கலாம். பிறகு மூன்றாவது. ஓர் இடத்துக்குச் சராசரி 64 சோதனை. எட்டு எழுத்துக்கு 512. சோதனைக்கு மூன்று வினாடி என்று பெருக்குங்கள். 1,536 வினாடிகள், அதாவது 25 நிமிடத்துக்குச் சற்றே கூடுதல்.

சப்பின் பூட்டைத் திறக்க ஹாப்ஸ் எடுத்துக்கொண்ட நேரமும் 25 நிமிடம்தானே! எண்கள் ஒத்துப்போனது தற்செயல். ஆனால் வழி ஒன்றே என்பது தற்செயலன்று. ஹாப்ஸ் தாழை அழுத்தி, எந்த லீவர் இறுகுகிறது என்று பார்த்தார். டெனெக்ஸைத் திறந்தவன் பக்கத்தின் எல்லையை வைத்து, எந்த எழுத்தில் பொறி தடுமாறுகிறது என்று பார்த்தான். 340 கோடி ஆண்டு 25 நிமிடமாகச் சுருங்கியதற்குக் காரணம் அதே பெருக்கல், கூட்டலாக மாறியதுதான். மூன்று வினாடித் தாமதம் இதில் எந்தத் தடையும் செய்யவில்லை. அது பூட்டை இழுத்துப் பார்த்துத் திருப்தியடைந்தது போன்ற ஒரு பாதுகாப்பு.

இந்த நிகழ்ச்சியைக் கணிப்பொறி அறிஞர் பட்லர் லாம்ப்சன் 1983இல் எழுதிய கட்டுரையொன்றில் எடுத்துக்காட்டாக விளக்கினார். கணிப்பொறி அமைப்போர் அதை இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். பரிகாரம் கடினமானதன்று. பயனாளரின் சொல்லை முழுவதும் பொறி தன் சொந்த இடத்துக்குப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். பிறகே ஒப்பிட வேண்டும். பக்கம் இல்லை என்றால் அது படியெடுக்கும்போதே தெரிந்துவிடும். எந்த எழுத்துச் சரி என்பது வெளியே தெரியாது.

சொல்லாமல் சரிபார்ப்பது எப்படி?

ஆலன் ஷெர் கையில் அகப்பட்டது போன்ற பட்டியலுக்கும் விடை காண வேண்டியிருந்தது. பட்டியலையே வைத்துக்கொள்ளாவிட்டால் என்ன என்று இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரோஜர் நீதம் 1960களின் பிற்பகுதியில் யோசித்தார். கடவுச்சொல்லை ஒருவழிக் கணக்கு ஒன்றில் போட்டு, வரும் விடையை மட்டும் கணிப்பொறி வைத்துக்கொள்ளட்டும். மிளகாயை அரைத்துச் சட்டினி ஆக்கலாம். சட்டினியை மிளகாயாக்க முடியாது. அதுபோலச் சொல்லிலிருந்து விடைக்குப் போகலாம். விடையிலிருந்து சொல்லுக்குத் திரும்ப முடியாது. பயனாளர் சொல்லைத் தட்டியவுடன் அதையும் அரைத்து, இரண்டும் ஒன்றா என்று பார்த்தால் போதும். பட்டியல் திருடனிடம் போனாலும் அவனுக்குக் கிடைப்பது சட்டினிதான்.

அப்படியும் ஒரு தொல்லை நீங்கவில்லை. அது பொறியின் குறையன்று, நம் குறை. யூனிக்ஸ் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனும் ராபர்ட் மாரிஸும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், பயனாளர்களின் 3,289 கடவுச்சொற்களைச் சோதித்திருந்தார்கள். அவற்றுள் 2,831, அதாவது 86 விழுக்காடு, எளிதில் பிடிபட்டன. 15 பேர் ஒரே ஓர் எழுத்தைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தார்கள்! ஆறு லீவர் பூட்டு வாங்கிச் சாவியை நிலைப்படி மேலேயே வைத்துவிட்டுப் போவோமே, அந்த வழக்கம் அங்கேயும் இருந்திருக்கிறது.

இத்தகைய குறைகளை வெளியே சொல்லலாமா என்பது பழைய வழக்கு. 1851இல் ஹாப்ஸ் பூட்டுகளைத் திறந்து காட்டியபோது, திருடர்களுக்குப் பாடம் நடத்துகிறார் என்று பலர் ஆத்திரப்பட்டார்கள். திருடர்களுக்கு அது முன்பே தெரியும், பூட்டு வாங்குகிறவர்களுக்குத்தான் தெரியாது என்பது மறுதரப்பின் வாதம். நான் மறுதரப்பின் பக்கம். ஹாப்ஸுக்குப் பிறகுதான் லீவர்களில் பொய் வெட்டுகளைச் சேர்க்கும் பழக்கம் வலுப்பெற்றது. சரியான உயரத்துக்கு முன்பே ஒரு லீவர் சரியாகிவிட்டது போலப் பாசாங்கு செய்து திறப்பவனைக் குழப்பும். பூட்டு பேசுவதை நிறுத்த முடியாவிட்டால், பொய் சொல்லப் பழக்கலாம் என்பது அதன் தத்துவம்.

நம் நாட்டில் 2004 முதல் செர்ட்-இன் என்ற அரசு அமைப்பு கணிப்பொறிக் குறைகளைப் பற்றிய தகவல்களைப் பெற்று எச்சரிக்கை வெளியிட்டு வருகிறது. குறையைக் கண்டால் சொல்வதற்கு இடம் இருக்கிறது. அனுமதியின்றிப் பிறர் கணிப்பொறியில் நுழைந்து பார்ப்பது வேறு. தீய நோக்கத்தோடு அப்படி நுழைபவருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. நம் மாணவ வாசகர்கள் இந்த வேறுபாட்டை மறக்க வேண்டாம்.

டெனெக்ஸ் பொறிகள் இன்று இல்லை. ஆயினும் பேசும் பூட்டுகள் தீர்ந்துபோகவில்லை. "பக்கம் இல்லை" என்ற செய்தி வெளியே வராவிட்டாலும், பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே ஒரு பேச்சுத்தான். மூன்று எழுத்துச் சரியாயிருந்தால் பொறி மூன்று ஒப்பீடுகளைச் செய்து நான்காவதில் நிற்கும்; முதல் எழுத்தே தவறென்றால் அங்கேயே நின்றுவிடும். இரண்டுக்கும் உள்ள கால வேறுபாடு நொடியில் கோடிப் பங்கு என்றாலும், பல்லாயிரம் முறை அளந்து சராசரி எடுத்தால் அது வெளிப்படக்கூடும். பால் கோச்சர் என்ற அறிஞர் 1996இல், இரகசியக் குறியீட்டுக் கணக்குகள் முடிய ஆகும் நேரத்தை அளந்தே உள்ளிருக்கும் சாவியை அறிய முடியும் என்று காட்டினார். 2018இல் வெளிவந்த 'ஸ்பெக்டர்' என்ற குறையும் இந்த இனத்தைச் சேர்ந்தது. நம் மேசைமேலும் சட்டைப்பையிலும் இருந்த பொறிகளின் சில்லுகளிலேயே அது இருந்தது.

ஆகவே இன்று பொறுப்போடு எழுதப்படும் நிரல்கள், இரகசியச் சொல்லையோ அதை அரைத்த விடையையோ ஒப்பிடும்போது ஒரு விசித்திரமான வேலையைச் செய்கின்றன. முதல் எழுத்திலேயே தவறு தெரிந்துவிட்டாலும் நிற்பதில்லை. வீண் என்று தெரிந்தே இரண்டாவதை ஒப்பிடுகின்றன, மூன்றாவதை ஒப்பிடுகின்றன, கடைசி எழுத்துவரை போய்விட்டுத்தான் "இல்லை" என்று சொல்கின்றன.